நட்சத்திரம் போட்ட வரி

ஆள் வருதுன்னு கண்டக்டர்கிட்ட சொன்னது பொய்தான் சார். உட்காருங்க. பை மட்டும் அங்கேயே இருக்கட்டும், நீங்க கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தா ரெண்டுக்கும் இடம் இருக்கு. சீட்டு உங்களுக்குத்தான், கொடுத்தாச்சு, அதுல ஒண்ணும் சந்தேகம் வேண்டாம். செங்கல்பட்டுல ஒரு பொம்பளை கைக்குழந்தையோட ஏறினா. கண்டக்டர் பையைப் பார்த்துட்டு, சீட்டு இல்லம்மா, அடுத்த வண்டியில வான்னு இறக்கி விட்டுட்டான். நான் என்ன பண்றது? அவ என்னை ஒரு வார்த்தை கேட்கலையே.

நீங்க என்ன தொழில்? டைல்ஸ் கடையா. திண்டிவனத்துல டைல்ஸ் கடை வச்சிருக்கிறவருக்குத் தஞ்சாவூர்ல என்ன வேலை, அதுவும் மேல்மருவத்தூர்ல ஆள் இறங்கி, பின்னாடி ரெண்டு சீட்டு காலியா இருக்கும்போது என் பக்கத்துல? சும்மா கேட்டேன், கோவிச்சுக்காதீங்க. பின்னாடி தூக்கித் தூக்கிப் போடும்னா சரி, நியாயம்தான். எனக்கு இந்த நாலஞ்சு மாசமா எல்லார் மேலயும் ஒரு கண்ணு. பட்டு வந்த கண்ணு சார் அது.

பாருங்க, போன் அடிக்குது. பேரைப் படிச்சீங்கதானே? எழிலரசி. மேல்மருவத்தூர்ல இருந்து விடாம அடிக்கிறா. அடிக்கட்டும்.

என் பேரு தியாகேசன். சொந்த ஊரு திருவாரூர்னு அதுலயே தெரிஞ்சிருக்கும். மெட்ராஸ்ல ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில வேலை. எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன், நீங்களும் கேட்காதீங்க. அங்க மெயின்ஃப்ரேம்னு ஒரு பெரிய மெஷின் இருக்கு, கம்பெனியே அதுக்குள்ளதான் ஓடுது. அதுக்கு அசெம்பிளர்ல புரோகிராம் எழுதுற ஆள் நான். அசெம்பிளர்னா என்னன்னு கேட்டீங்கன்னா, மத்த மொழிக்காரன் எல்லாம் சோறு வைன்னு ஒரு வரி எழுதினாப் போதும். நாங்க அரிசியை அள்ளு, களை, உலையில போடு, வடின்னு ஒண்ணொண்ணா எழுதணும். ஒரு வரி விட்டுப் போச்சுன்னா அன்னைக்குப் பட்டினிதான்.

அதுல என் வேலை சாக்கெட். கரண்ட் சாக்கெட் இல்லை. எங்க அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், இருந்த வரைக்கும் அதைப் புரிஞ்சுக்கவே இல்லை. மச்சான் மெட்ராஸ்ல சாக்கெட் வேலை பார்க்கிறான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சு, நான் லீவுக்குப் போனா ஸ்க்ரூ டிரைவரைக் கையில கொடுத்து ஃபேன் கீழ நிக்க வச்சுடுவார். இது வேற. ஆஸ்பத்திரியில ஒருத்தரைப் படுக்க வைக்கிறாங்கன்னு வைங்க. இவருக்கு ஆபரேஷன் பண்ணலாமா, கம்பெனி ஒத்துக்குமான்னு ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் எங்க மெஷினைக் கூப்பிடும். அந்தப் பேச்சு போற வழிக்குப் பேருதான் சாக்கெட்.

வாசல்ல நிக்கிறது என் புரோகிராம். வர்றவன் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயி, உள்ள உட்கார்ந்திருக்கிற புரோகிராம் கையில ஒப்படைச்சுட்டு, மறுபடியும் வாசலுக்கு வந்துடணும். கொடுக்கிறதுக்கு ஒரு கட்டளை, கிவ்சாக்கெட். உள்ள இருக்கிறது வாங்கிக்கிறதுக்கு ஒரு கட்டளை, டேக்சாக்கெட். வாங்கிக்கிட்டதும் எனக்கு ஒரு சைகை வரும். வந்ததும் நான் என் கையை விட்டுடணும். அதுக்குப் பேரு க்ளோஸ். கல்யாணத்துல தாரை வார்த்துக் கொடுக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க. கொடுத்த அப்பன் அப்புறமும் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டே நின்னா நல்லாவா இருக்கும்? புத்தகத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு.

வாசலும் உள்ளயும் ரெண்டும் நான் எழுதினதுதான். பதினஞ்சு வருஷம் ஒரு குறை கிடையாது. போன சித்திரையில உள்ள இருக்கிறதை எடுத்து எழிலரசிகிட்ட கொடுத்துட்டாங்க. உங்களுக்குப் பாரம் குறையும் தியாகேசன்னு மேனேஜர் சொன்னார். பாரம்னு நான் எப்பச் சொன்னேன்? அந்தப் பொண்ணு தர்மபுரிப் பக்கம். வருவா, வணக்கம் சார்ம்பா, உட்காருவா, அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டா. ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொல்லி வச்சாங்க.

வந்த புதுசுலயே ஒண்ணு நடந்தது. டெஸ்ட் பண்ணும்போது ஒரு அழைப்பு பாதியில அறுந்து போச்சு. அவ புரோகிராம் வாங்கிக்கிறதுக்குள்ள என்னுது கையை விட்டுடுச்சுன்னு மேனேஜர் எல்லார் முன்னாடியும் சொன்னார். நான் சீக்கிரம் விட்டேனா, அவ லேட்டா வாங்கினாளா? அதை ஒருத்தரும் கேட்கலை. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு, பரவாயில்ல சார், சைகைக்குக் காத்திருந்து விட்டா சரியாயிடும்னா. எனக்குச் சொல்லித் தர்றா. அன்னைக்கு சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் க்ளோஸ் வரிக்கு முன்னாடி ஒரு நட்சத்திரம் போட்டேன். எங்க மொழியில வரியோட முதல் எழுத்தா நட்சத்திரம் இருந்தா மெஷின் அந்த வரியைத் தாண்டிப் போயிடும். வரி அங்கேயேதான் இருக்கும், ஆனா தூங்கும். மேலோட்டமாப் பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒழுங்கா இருக்கிற மாதிரிதான் தெரியும்.

ஏன் போட்டேன்னு பார்க்குறீங்க. நான் கொடுக்க மாட்டேன்னு சொல்லலையே சார். கொடுத்துட்டேன். ஆனா அவ வாங்கி ஒழுங்கா வச்சுக்குவாளான்னு யாருக்குத் தெரியும்? என் பிடி ஒண்ணு இருக்கிறது நல்லதுதானே. கையை விட்டுடுன்னு புத்தகம் எழுதினவனுக்கு எழிலரசியைத் தெரியாது.

கொஞ்ச நாள் நல்லாத்தான் போச்சு. ஆடி பொறந்துது, கம்பெனிக்காரங்க ஊர் ஊரா புது ஆஸ்பத்திரிங்களைச் சேர்த்தாங்க, கூடவே சனியும் சேர்ந்து வந்துது. விடியக்காலம் என் புரோகிராமை நிறுத்திக் கிளப்பறது வழக்கம், காலையில எல்லாம் கிளி மாதிரி பேசும். மத்தியானம் ஆனா வாசல் அடைச்சுக்கும். அதுக்கப்புறம் எந்த ஆஸ்பத்திரி கூப்பிட்டாலும், கை காலி இல்லை, கை காலி இல்லைன்னே மெஷின் சொல்லிக்கிட்டு இருக்கும். ஆபரேட்டர் செல்வின்னு ஒரு பையன், அவன் என் புரோகிராமை ஒரு தடவை நிறுத்திக் கிளப்புவான். உடனே சரியாயிடும். மறுநாள் மத்தியானம் பழையபடி. யாரும் உள்ள கை வைக்காம இப்படி ஆகுமா, நீங்களே சொல்லுங்க. பதினஞ்சு வருஷமா ஆகாதது இப்ப எப்படி ஆகும்?

நான் விட்டேனா, துப்புத் துலக்கினேன். மத்தியானம்தான் அடைக்குது. எழிலரசி சாப்பிட்டுட்டு வந்து உட்கார்ற நேரம். ஞாயித்துக்கிழமை அடைக்கிறதில்லை. ஞாயித்துக்கிழமை அவ வர்றதில்லை. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? மேனேஜர்கிட்ட போய்ச் சொன்னேன். ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரிங்க கூப்பிடறதே கம்மி தியாகேசன், காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா இருக்கேன்னார். காக்கா உட்கார்ந்து விழலை, ஒத்துக்கிறேன். காக்கா மரத்தைப் பிடிச்சு ஆட்டினா?

தம்பி கல்யாணம்னு அவ ஒரு வாரம் தர்மபுரி போயிருந்தா. அந்த வாரமும் அடைச்சுது. அப்பதான் சார் எனக்கு உதறலே எடுத்துது. கல்யாண வீட்ல உட்கார்ந்துக்கிட்டுகூடப் பண்றான்னா எவ்வளவு வன்மம் இருக்கணும்.

இன்னொரு நாள் காபி மெஷின்கிட்ட நின்னு யார்கிட்டயோ போன்ல பேசிக்கிட்டு இருந்தா. நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்னேன். தற்செயலாத்தான் நின்னேன். "அவர் கொடுத்துட்டார், நான் வாங்கியும் ஆச்சு. ஆனா அவர் இன்னும் பிடிச்சுக்கிட்டேதான் இருக்கார்னு நினைக்கிறேன். அவர் விட்டாத்தான் அடுத்தது உள்ள வர முடியும். ஆனா அவர்கிட்ட யாரு சொல்றது?" இதான் அவ பேசினது, ஒரு எழுத்து மாறாம. விளங்குதா? எனக்கு ரிட்டயர் ஆனப்புறம் மார்ச் வரைக்கும் நீட்டிப்பு கொடுத்திருக்காங்க. நான் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேனாம். நான் போனாத்தான் அவ ஆளு எவனோ உள்ள வர முடியுமாம். எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கலை.

மறுநாள் நேராவே கேட்டுட்டா. என் மேஜைகிட்ட வந்து நின்னுக்கிட்டு, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க க்ளோஸ் பண்றீங்களா?" எப்படி இருக்கு பார்த்தீங்களா. முப்பது வருஷமா குப்பை கொட்டினவனைப் பார்த்து, கடையைக் கட்டுறியான்னு கேட்கிறா. மார்ச்சுக்கு முன்னாடி எவன் வந்து சொன்னாலும் க்ளோஸ் பண்ண மாட்டேன்னேன். முகம் சுண்டிப் போச்சு அவளுக்கு. "அது இல்ல சார், நான் புரோகிராம்ல..."ன்னு இழுத்தா. என் புரோகிராமைப் பத்தி நீ பேசாதேன்னு சொல்லிட்டு, அன்னைக்கே அது இருக்கிற இடத்தைப் பூட்டிட்டேன். இப்ப என் பாஸ்வேர்டு இல்லாம ஒருத்தரும் அதுல ஒரு வரிகூடப் படிக்க முடியாது.

நேத்து ஒரு பொறி வச்சேன். மேனேஜர் ஹைதராபாத் போயிருக்கார், நாள் பார்த்துத்தான் வச்சேன். செல்வினைத் தனியாக் கூப்பிட்டு, நாளைக்கு அடைச்சுதுன்னா நிறுத்திக் கிளப்பாதேடான்னேன். அடைச்சது அடைச்சபடி கிடக்கட்டும். திருடன் உள்ள இருக்கும்போதே கதவைச் சாத்தணும். யார் யார் கை எங்கெங்க பிடிச்சிருக்குன்னு நான் வந்து உள்ள பார்க்கணும். என் வாயால சொன்னாத்தான் நீ தொடணும், எழிலரசி வந்து அழுதாலும் தொடாதேன்னேன். செல்வின் நாகர்கோவில் பையன், கொடுத்த வாக்கு மாற மாட்டான்.

இன்னைக்குக் காலையில ஆபீசுக்குக் கிளம்பி செருப்பு மாட்டுறேன், அக்கா பையன் சோமு போன் பண்றான். "மாமா, அம்மாவுக்கு வயித்துவலி தாங்கலை, தஞ்சாவூர்ல சேர்த்திருக்கு. பித்தப்பையில சீழ் வச்சிடுச்சாம், இன்னைக்கே எடுக்கணுமாம்"ங்கிறான். ஆபரேஷன் பண்ற டாக்டர் திருச்சியில இருந்து வந்துட்டுப் போறவர், ரெண்டு மணிக்கு மேல இருக்க மாட்டார். கம்பெனி ஒத்துக்கிட்டாத்தான் தியேட்டருக்குள்ள எடுப்பாங்களாம். எந்தக் கம்பெனின்னா, எங்க கம்பெனிதான். நான்தான் அவனை வற்புறுத்தி அந்தப் பாலிசியை எடுக்க வச்சேன். மாமன் இருக்கேன்டா, ஒரு நொடியில வந்து விழும்னு சொல்லி எடுக்க வச்சேன்.

கமலாக்காதான் சார் என்னை வளர்த்தது. அம்மா போனப்ப நான் மூணாவது படிக்கிறேன். இவனை யார் பார்த்துக்கிறதுன்னு அவ கல்யாணத்தையே தள்ளிப் போட்டா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து சண்டை போட்டாங்க, அப்பவும் என் கையை விடலை. அவளுக்கு ஒண்ணுன்னா நான் இருந்து என்ன பிரயோஜனம்.

அந்தப் பதட்டத்துல லீவு சொல்ல ஆபீசுக்குப் பண்ணினேன். எடுத்தது யாரு? எழிலரசி. அக்கா தஞ்சாவூர்ல படுத்திருக்கு, நம்ம அப்ரூவல் வந்தாத்தான் ஆபரேஷன்னு வாய் தவறிச் சொல்லித் தொலைச்சுட்டேன். "கவலைப்படாம போங்க சார், நான் பார்த்துக்கிறேன்"னா. பார்த்துக்கிறேன்னா என்ன சார் அர்த்தம்? ரௌடிங்களும் அதேதானே சொல்றாங்க.

இருங்க, இது சோமு. சொல்லுடா. என்னது? லைன் போகலையா? எப்ப இருந்து? சரி. சரிடா, அழாதே. அக்கா முழிச்சிருக்கா? தம்பி வந்துக்கிட்டே இருக்கான்னு சொல்லு. விழுப்புரம் வரப் போகுது. வைடா.

கேட்டீங்களா? ஸ்கேன் எல்லாம் முடிஞ்சு, மத்தியானத்துல இருந்து ஆஸ்பத்திரிக்காரங்க கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்களாம். கை காலி இல்லை, கை காலி இல்லைன்னே வருதாம். டாக்டர் வாட்சைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காராம். என் அக்கான்னு தெரிஞ்சே பண்ணியிருக்கா, சண்டாளி. இவ்வளவு தூரம் போவான்னு நான் நினைக்கலை சார்.

இந்தாங்க, செல்வின் மெசேஜ், நீங்களே படிங்க. "சார், எழில் மேடம் உங்க அக்கா கேஸுக்காக என் பக்கத்துலயே நிக்கிறாங்க. சாப்பிடக்கூடப் போகலை. ஒரு வார்த்தை சொல்லுங்க, கிளப்பிடறேன்." பார்த்தீங்களா, அவனையும் மடக்கிட்டா. சாப்பிடாம நின்னா நான் இரங்கிடுவேன்னு கணக்கு.

சொல்லலாம். நீங்க சொல்றது சரிதான், ஒரே ஒரு வார்த்தை. சொன்னா நொடியில சரியாயிடும், அக்காவுக்கும் வந்துடும், எனக்குத் தெரியாதா? ஆனா கிளப்பிட்டா உள்ள இருக்கிற தடயம் அத்தனையும் அழிஞ்சு போயிடும். அப்புறம் பழையபடி நான்தான் கிறுக்கன், அவ நல்லவ. அதுக்குத்தானே அவ விடாம அடிக்கிறா. என் வாயால அந்த ஒரு வார்த்தையைப் பிடுங்கிட்டா தப்பிச்சுடலாம்.

என்ன கேட்டீங்க? கொடுத்தப்புறமும் நான் ஒவ்வொருத்தன் கையையும் பிடிச்சுக்கிட்டே இருந்தா, பிடிக்கிறதுக்கு எனக்கு எத்தனை கை இருக்குன்னா? டைல்ஸ்காரர் கேட்கிற கேள்வியா சார் இது? இருக்கு, நிறைய இருக்கு. நான்தான் எத்தனை வேணும்னு கணக்குப் போட்டு வச்சது. அப்ப இருந்த ஆஸ்பத்திரிங்களுக்கு அது தாராளம்.

அப்ப இருந்ததுக்கு.

பேச்சை மாத்தாதீங்க. யார் உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்து அனுப்பினது?

மறுபடியும் அவதான். எடுக்கணும்ங்கிறீங்க. என்னால முடியாது சார், அவ குரலைக் கேட்டா எனக்கு ரத்தம் கொதிக்கும், ஏதாவது சொல்லிடுவேன். ஒண்ணு பண்ணுங்க, நீங்களே பேசுங்க. தியாகேசன் சொல்றார், கிளப்பிக்கோன்னு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிடுங்க. எனக்காக இல்லை, அக்காவுக்காக. இந்தாங்க. வாங்கிக்கோங்க. கொடுத்துட்டேனே, வாங்கிக்க வேண்டியதுதானே? நான் பிடிச்சிருந்தா உங்களுக்கு என்ன, ஒரு ஓரம்தானே பிடிச்சிருக்கேன். முன்னப் பின்னத் தெரியாத ஆள் கையில போனைக் கொடுத்துட்டு நான் சும்மா இருக்க முடியுமா? நீங்க காதை இப்படிக் கொண்டாங்க. ஏன் இழுக்கிறீங்க? மெதுவா. மெதுவா சார். நான் எதுக்கு விடணும், இது என் போன்.

கட்டாயிடுச்சு.

நீங்க இழுத்ததுலதான் கட்டாச்சு. என் விரல் பட்டிருக்காது, நான் அசையாம பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன். இருங்க, மறுபடி அடிப்பா. மேல்மருவத்தூர்ல இருந்து விடாம அடிச்சவ. நானா கூப்பிடறதா? நான் எதுக்குக் கூப்பிடணும், அவளுக்குத்தானே வேணும். பொறுங்க, அடிப்பா.

அடிக்கலையே.

அடிக்குது பாருங்க, சொன்னேன்ல. இல்லை, இது சோமு. சொல்லுடா. டாக்டர் கிளம்பிட்டாரா? இப்பவேவா? கால்ல விழுந்தாவது நிறுத்தி வைக்கக் கூடாதாடா. அடுத்த வாரமா? அடுத்த வாரம் வரைக்கும் அக்கா எப்படிடா தாங்குவா? என்னடா சொல்றே, என் கையைக் கேட்கிறாளா?

எங்க சார் எழுந்திரிக்கிறீங்க? பின்னாடியா? பின்னாடி தூக்கித் தூக்கிப் போடும்னு சொன்னீங்களே. திண்டிவனத்துல ஏறும்போதே நினைச்சேன், நீங்க யாருன்னு. போங்க, போங்க.

இல்ல தம்பி, இங்க உட்காராதே. பை இருக்கு, தெரியலையா? ஆள் வருது.